பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

'தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே' என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாடு என்றால்? கட்டாயம் பார்ப்போம். நாஞ்சில் நாட்டு வயல்களில் டிராக்டர் இறங்கும் முன், உழவு மாடு வாங்கப் போகும் என் தாத்தா, கீழுதட்டை விலக்கிப் பல்லை எண்ணிவிட்டுத்தான் விலை பேசுவார். பால்பல் விழுந்து ரெண்டு பல் முளைத்திருந்தால் இரண்டு வயசு தாண்டியது. எட்டும் முளைத்திருந்தால் நாலைந்து வயசு. அவர் பார்த்தது வயசை. அதாவது, விலையை. மாட்டுக்குப் பல் வலிக்குமா என்று பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு நாய் மணிக்கு வாய் நாறியது. 'நாய்னா நாறத்தானே செய்யும்' என்று இருந்துவிட்டேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லில் பழுப்பாகக் காரை படிந்து, ஈறு வீங்கியிருந்தது. மூன்று வயசு தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய் கொஞ்சமாவது இருக்குமாம். வலித்தாலும் சாப்பிடும், காட்டிக்கொள்ளாது. மயக்க மருந்து கொடுத்துத்தான் ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியும். ''நம்ம பேஸ்ட்டைப் போட்டுத் தேய்க்காதீங்க. சிலதுல இருக்கிற சைலிட்டால் நாய்க்கு விஷம்'' என்றார்.

பில் தொகையைக் கேட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்கா சொன்னார்: ''தம்பி, எனக்க கடவாய்ப் பல்லுல ஆறு மாசமா கிராம்பு வச்சுட்டிருக்கேன். நாய்க்குப் பல்லு டாக்டராக்கும்?''

நான் பி.காம். படித்தவன். கணக்கில் பதில் சொல்லத் தெரியும். சட்டமும் துணைக்கு வரும்: 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்க்கும் பிராணிக்குத் தேவையில்லாத வலி வராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை என்கிறது. ஆனால், அக்காவின் கேள்வி நாயைப் பற்றியதே அல்ல. மணி வாயில்லா ஜீவன்; அதன் வலி தெரியவில்லை என்பதற்கு ஒரு சாக்காவது இருக்கிறது. ஆறு மாசமாகக் கன்னத்தைப் பிடித்தபடி வாசல் தெளித்தவரை ஏன் பார்க்கவில்லை?

'மனுஷனுக்கே இல்லை, நாய்க்கு எதுக்கு?' என்று கேட்கிறோமே... நாய்க்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை எந்த மனுஷனுக்குக் கொடுத்திருக்கிறோம், சொல்லுங்கள்? மணியின் வாயைத் திறந்து பார்த்த பிறகுதான், அக்காவின் கன்னமே என் கண்ணில் பட்டது.

மறுநாள் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். முன்பே வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். மணிக்கும் இரண்டு பல் போயிற்று.

இன்றைக்கு ராத்திரி உங்கள் நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அப்படியே, வீட்டில் யார் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள்.