நெய்யும் திரியும்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது கீழே லட்சக்கணக்கான கைகள் தலைக்குமேல் குவிகின்றன. ஊற்றும் நெய் 3500 கிலோ அளவில். சில ஆண்டுகளில் அதற்கும் மேல். எவ்வளவு நெய் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் தவறாமல் எழுதுகின்றன. ஆனால் நெய்யில் நேராகத் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். காடாத் துணித் திரி நெய்யை உறிஞ்சி, மேலே இழுத்து, சூட்டில் ஆவியாக்கித் தந்தால்தான் சுடர். பதினோரு நாள் எரியும் தீபத்தில் பெயரெல்லாம் நெய்க்கு. திரியை யாரும் பேசுவதில்லை.

ரத்தத்தின் கதையிலும் இதே ஓரவஞ்சனை இருக்கிறது. லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறோம். அந்தக் கொழுப்பை இறக்கிவைக்க வேண்டியவர் வேலைக்கு வந்தாரா என்று கேட்பதில்லை.

நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில், அந்தக் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாகி நிணநீர் வழியே ரத்தத்தில் இறங்கும். அப்போது ரத்தம் எடுத்துச் சற்று நேரம் வைத்தால் மேலே பிரியும் நீர் பால்போல் கலங்கியிருக்கும். 1943இல் பால் ஹான் என்ற ஆய்வாளர், இப்படிக் கலங்கிய ரத்தமுள்ள நாய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தியபோது கலங்கல் மறைந்ததைக் கண்டார். அதே கலங்கல் நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஹெப்பாரின் சேர்த்தால் ஒன்றும் ஆகவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. தெளிய வைத்தது ஒரு நொதி. அது ரத்தத்தில் மிதந்து திரிவதில்லை, தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகும் தந்துகிகளின் உட்சுவரில் ஒட்டி நிற்கிறது. ஹெப்பாரின் அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டது, அவ்வளவுதான். 1955இல் எட்வர்ட் கார்ன் அதற்கு லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்று பெயர் வைத்தார். (வயிற்றுவலிக்கு லேபில் பார்க்கும் ‘லைப்பேஸ்’ வேறு, அது கணையத்தினுடையது. ‘என்சைம்’ என்று விற்கும் மாத்திரைகளை விழுங்கினாலும் அவை இந்தச் சுவருக்குப் போய்ச் சேராது; நொதியும் புரதம்தானே, குடல் அதையும் செரித்துவிடும்.)

வேடிக்கை என்னவென்றால், இந்த நொதி கொலஸ்ட்ராலைத் தொடுவதே இல்லை. அது உடைப்பது பெரும்பாலும், அந்த உருண்டைகளில் நிறைந்திருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடைத்தான். ஆனாலும் கொலஸ்ட்ராலின் தலையெழுத்தில் பாதி இதன் கையில். உருண்டைக்குள்ளிருக்கும் டிரைகிளிசரைடு கரையக் கரைய உருண்டை சுருங்குகிறது. மிஞ்சிய மேலுறை கழன்று, நல்ல கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எச்.டி.எல்.லோடு சேர்கிறது, மீதி கல்லீரலுக்குப் போகிறது. நொதி மந்தமானால் உருண்டைகள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. சுற்றும் நேரத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது: தம்மிடமுள்ள டிரைகிளிசரைடை எச்.டி.எல்.லுக்கும், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லுக்கும் தந்துவிட்டு, அவற்றின் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. பிறகு கல்லீரலின் லைப்பேஸ் வந்து அந்த டிரைகிளிசரைடைச் செதுக்கி எடுக்கிறது. எச்.டி.எல். சிறுத்துச் சிறுநீரகம் வழியே கழிந்துபோகிறது. எல்.டி.எல். பொடியாகி, அடர்ந்து, தமனிச் சுவருக்குள் எளிதாக நுழையும் அளவுக்கு வந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எண் ஏறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இது நம் ஊர்க்கதை என்பதற்குச் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. நூறு பேரில் மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 14 பேர்தான். டிரைகிளிசரைடு கூடியவர்கள் ஏறக்குறைய 30. எச்.டி.எல். குறைந்தவர்களோ 72. "கொலஸ்ட்ரால் நார்மல்தான்" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த 72இல் இருப்பார்கள்! பல லேப்களில் எல்.டி.எல்.லை அளப்பதுகூட இல்லை. 1972இல் ஃபிரீட்வால்டு தந்த கணக்கின்படி மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போட்டுவிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கும் செல்லாது.

இந்த நொதி அறவே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு, பத்து லட்சத்தில் ஒருவர் என்பார்கள். அவர்களுடைய ரத்தம் வெளுத்தே இருக்கும். இதயம் உடனே அடைத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முதலில் அடிபடுவது கணையம். காரணம் எளிது: சுமை இறக்காத முழு உருண்டை தமனிச் சுவருக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. நுழைவது, பாதிச் சுமையை இறக்கிவிட்டு மீதியோடு கல்லீரல் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டிருக்கும் எச்சம். நொதி இல்லாதவரைவிட, நொதி சோம்பியவரின் தமனிக்கே இந்தத் தொல்லை அதிகம். எவ்வளவு உள்ளே வந்தது என்பதைவிட எது பாதியில் நின்றது என்பதில்தான் கேடு இருக்கிறது. உணவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே பழகிய நமக்கு இது உறைக்கச் சற்று நேரமாகும்.

நொதி சோம்புவது ஏன்? இன்சுலின் சொல்லைத் திசுக்கள் கேட்காமல் போவது ஒரு காரணம். உட்கார்ந்தே இருப்பது இன்னொன்று. பின்னங்கால்களைத் தரையில் ஊன்றவிடாமல் தூக்கி வைத்த எலிகளின் தசையில் இந்த நொதியின் வேகம் ஒரே நாளில் சரிந்ததை மார்க் ஹாமில்டன் குழு 2003இல் காட்டியது. நடந்தால் ஏறுகிறது: இன்று மாலை நடந்த நடையின் பலன், சில மணி நேரம் கழித்துத்தான் தசையில் தெரியும், நாளைக் காலைப் பொங்கலின் கொழுப்பு அதனால் சீக்கிரம் தெளியும்.

அண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலத்துக்கு 14 கிலோமீட்டர். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். அதில் நொதிக்குக் குறை ஒன்றும் இல்லை. வேகத்தைவிட மொத்தம் எவ்வளவு நடந்தோம் என்பதே அதற்குக் கணக்கு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பௌர்ணமி இரவு முழுக்க நடந்து, ஈசான்ய லிங்கத்தைக் கும்பிட்டு, வழியில் கிடைத்த அன்னதானத்தையும் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து ஊர் திரும்புகிறவரின் தசையில் அந்த நடையின் பலன் ஓரிரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் நொதி பழைய அளவுக்கு வந்துவிடும். அடுத்த பௌர்ணமிக்கு அப்போது இன்னும் 26 நாள் இருக்கும்.