துவக்கின் பழைய விலை

அமெரிக்காவில் வயது முதிர்ந்தவர்கள் சிலர் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியோ துவக்கின் பழைய விலைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆணியும் கயிறும் மண்வெட்டியும் விற்ற அதே இரும்புக் கடையில் துவக்கும் சாத்தி வைக்கப்பட்டிருந்த காலம் அது. சியர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியற் புத்தகத்தில் தையல் இயந்திரத்துக்கும் சட்டைத் துணிக்கும் அடுத்துச் சில பக்கங்கள் தள்ளித் துவக்குகளின் படங்கள் இருந்தன. காசைக் கொடுத்தோம், தோளில் போட்டுக்கொண்டு வந்தோம், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அந்தப் பெருமூச்சுக்குச் சாட்சியாக ஒரு விளம்பரம் உண்டு. 1963 பெப்ரவரி மாத 'அமெரிக்கன் ரைபிள்மன்' சஞ்சிகையில் சிக்காகோ நகரின் கிளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருட் கடை அதனை வெளியிட்டிருந்தது. தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிள், விலை 19 டொலர் 95 சதம். கூப்பனை வெட்டிப் பெயரும் விலாசமும் எழுதி, தபாற் செலவு ஒன்றரை டொலரையும் சேர்த்துக் காசுக்கட்டளை அனுப்பினால் துவக்கு தபாலில் வந்து சேரும்.

இந்தப் பெருமூச்சை நான் ஏளனம் செய்யப் போவதில்லை. அது எனக்குப் பழக்கமானது. என் வாப்பாவிடம் ஒரு சொட்கன் இருந்தது. கச்சேரியில் அனுமதி பெற்று, வட்டையில் பன்றிக் காவலுக்காக வாங்கியது. ஒரு போகத்து நெல்லை விற்று அதை வாங்கிய கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "இப்ப அந்தக் காசுக்கு அதுர குழலக் கூட வாங்கேலாது" என்று முடிப்பார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த மகிழ்ச்சி துவக்கைப் பற்றியதா, தன் இளமையைப் பற்றியதா என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு கொலைக் கருவி மலிவாகவும் இலகுவாகவும் கிடைத்த காலத்துக்காக ஏங்குவது தகுமா?

முதலில் விலையைப் பார்ப்போம். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கூலிக் கணக்குச் செய்விப்பது போலச் செய்து பார்க்கலாம். 1963 இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டொலர் 15 சதம். ஆக அந்த ரைபிளின் விலை பதினேழு மணிநேரத்துக்குச் சற்று அதிகமான உழைப்பு. இரண்டு நாட் கூலி என்று வைத்துக்கொள்வோம். மலிவுதான். ஆனால் நினைவில் பளபளக்கும் அளவுக்கு அது இனாம் அல்ல. நமது நினைவு விலையை மட்டும் பத்திரப்படுத்தி வைக்கிறது. அன்று நமது கையில் இருந்த கூலியை மறந்துவிடுகிறது.

அது ஏன் மலிவாக இருந்தது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. அந்த இத்தாலிய ரைபிள் 1940 இல் தேர்னி நகர ஆயுதச்சாலையில் போருக்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஐரோப்பியப் படைகளின் கிடங்குகளில் குவிந்து கிடந்த ஆயுதங்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அவற்றின் உண்மையான செலவை வேறு நாடுகளின் மக்கள், வேறு தாய்மார், ஏற்கெனவே செலுத்தி முடித்திருந்தார்கள். வாங்கியவன் கொடுத்தது மிச்சத்தை மட்டுமே.

இந்த மிச்ச ஆயுதங்களின் இறக்குமதியைத் தடுக்க 1958 இல் அமெரிக்கச் செனட் சபையில் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் மசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர். உயிர்களை எண்ணி அன்று, தமது பகுதித் துவக்குத் தொழிற்சாலைகளின் வியாபாரத்தை எண்ணியே அவர் அதைக் கொண்டுவந்தார். அந்தத் தடை நிறைவேறவில்லை. ஐந்து ஆண்டுகளின் பின், 1963 மார்ச்சில், ஏ. ஹிடெல் என்ற பொய்ப் பெயரில் ஒருவன் அந்தக் கூப்பனை நிரப்பி 21 டொலர் 45 சதம் அனுப்பினான். டலஸ் நகரத் தபாற் பெட்டிக்கு அந்த 1940 ஆம் ஆண்டு ரைபிள் போய்ச் சேர்ந்தது. நொவம்பர் 22 இல் அதன் குண்டுக்குப் பலியானவர், அந்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்த அதே செனட்டர். அப்போது அவர் ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி.

அதன் பின்னரும் தபால் வழித் துவக்கு விற்பனை உடனே நின்றுவிடவில்லை. 1968 இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகுதான் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

ஏங்குவோரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. துவக்கு அவ்வளவு தாராளமாகக் கிடைத்த 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொலைகள் ஓர் இலட்சம் பேருக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தன. சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1980 இல், அது பத்தைத் தாண்டியது. துவக்கு மாறவில்லை, மனிதர்கள்தான் மாறினார்கள் என்று அவர்கள் சொன்னால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சட்டம் மட்டும் ஒரு சமூகத்தைத் திருத்திவிடும் என்று எந்த ஆசிரியனும் நம்பமாட்டான். பிரம்பு மட்டும் வகுப்பைத் திருத்தாது என்பது நமக்குத் தெரியும்.

அப்படியானால் அவர்கள் உண்மையில் இழந்தது மலிவு விலையை அல்ல. 'ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை' என்ற வசனத்தில்தான் அவர்களின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. கேள்வி கேட்கப்படாமல் இருப்பது நம்பப்படுவதன் அடையாளம். கடைக்காரன் தன்னை நம்பினான், ஊர் தன்னை நம்பியது என்ற நினைவு ஒரு மனிதனுக்குப் பெரிய செல்வம். அதை இழந்தவன் பெருமூச்சு விடுவது இயல்பே.

ஆனால் அந்த நம்பிக்கை யார் யாருக்குக் கிடைத்தது? அடிமைத்தளை அறுந்த அதே 1865 ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனுமதியின்றித் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் இயற்றியது. 1956 இல் அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. அவர் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்; மறுக்கப்பட்டது. 1967 இல் கலிபோர்னியாவில் கறுப்பின இளைஞர்கள் சட்டப்படியே துவக்கைத் தாங்கி வீதியில் நடந்தபோது, அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆக, ஒருவரும் ஒன்றும் கேட்காத அந்தப் பொற்காலத்தில் சிலரிடம் மாத்திரம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்கப்படாதவர்கள் அதை ஊரின் நற்குணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி விற்றவனைப் பற்றியும் சொல்லவேண்டும். 1966 ஓகஸ்ட் முதலாம் திகதி காலை, டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் ஓர் இளைஞன் இரும்புக் கடையொன்றுக்குப் போய் ஒரு துவக்கு வாங்கினான். எதற்கு என்ற பேச்சு வந்தபோது, காட்டுப் பன்றி சுடுவதற்கு என்றான். பின்னர் சியர்ஸ் கடையில் ஒரு சொட்கனையும் வாங்கிக்கொண்டான். விடிவதற்கு முன்பே தாயையும் மனைவியையும் கொன்றிருந்த அவன், அன்று நண்பகல் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி நின்று பத்துப் பேருக்கு மேல் கொன்றான். விற்றவர்கள் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. பன்றி என்ற சொல்லை அவர்கள் நம்பினார்கள். என் வாப்பாவும் துவக்கு வாங்கச் சொன்ன காரணம் அதே சொல்தான். இரண்டு பேரையும் கடைக்காரன் எப்படிப் பிரித்தறிவான்?

நமது முன்னோர் இந்தக் கேள்வியைத் துவக்கு வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். இமாம் புகாரி தமது ஹதீஸ் தொகுப்பில், வியாபாரம் பற்றிய பகுதியிலே, குழப்ப காலத்தில் ஆயுதம் விற்பது பற்றித் தனித் தலைப்பே இட்டிருக்கிறார். பித்னாவின்போது ஆயுத விற்பனையை இம்றான் இப்னு ஹுஸைன் (ரழி) வெறுத்ததாக அதில் குறிப்பிடுகிறார். வாள் விற்பது பொதுவில் ஆகுமான வியாபாரமே. ஆயினும் காலம் மாறும்போது அதே வாள், அதே விலை, அதே சந்தை வேறொன்றாகி விடுகிறது. விற்பவன் பொருளை மட்டுமன்றிக் காலத்தையும் பார்க்கவேண்டும் என்பதே நான் இதிலிருந்து விளங்கிக்கொண்டது. விலைப்பட்டியலில் காலம் எழுதப்பட்டிருப்பதில்லை. ஏங்குகிறவர்கள் மீண்டும் வேண்டுமென்று கேட்பதும் அந்தப் பட்டியலைத்தான். அதைச் சூழ்ந்திருந்த ஊரை யாராலும் தபாலில் வரவழைக்க முடியாது.

என் வாப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். 1980களின் பிற்பகுதியில் ஓர் இரவு ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் சிலர் எங்கள் படலையைத் தட்டினார்கள். துவக்கைத் தரும்படி கேட்டார்கள். வாப்பா உள்ளே போய் அதை எடுத்து வந்து, தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வது? உம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. மறுநாள் பொலிஸில் முறைப்பாடு எழுதினார். துவக்கு திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் எங்கேனும் ஒருவர் சுடப்பட்டார் என்ற செய்தி வந்தால் வாப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்பார். செத்தவர் எந்த ஊர், எந்தச் சாதி சனம் என்று கேட்கமாட்டார். "சொட்கன் வெடியா, மற்ற வெடியா?" என்று கேட்பார். மற்ற வெடி என்று யாராவது சொன்னால் தலையை அசைத்துவிட்டுப் போவார். சொட்கன் என்றால் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது. அந்தத் துவக்கால் யாராவது செத்தார்களா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் செய்தது குற்றமில்லை என்று உம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். குற்றமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. அவரது அலுமாரியில் அந்தத் துவக்கின் அனுமதிப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒரு போகத்து நெல்லை விற்று அதை வாங்கிய கதையை மட்டும், அந்த இரவுக்குப் பிறகு, அவர் யாருக்கும் சொன்னதில்லை.