மனமில்லாத ஞானஸ்நானம்

டப்ளினில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் ஐரிஷ்காரி, தன் மகளுக்கு என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். கல்யாணம், சாவு தவிர அவள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. ஞானப்பெற்றோர் உறுதிபூசுதல் பெற்று, விசுவாச வாழ்க்கை வாழ்பவராக இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். அவள் அக்கா தம்பிகளில் அந்தத் தகுதி யாருக்கும் இல்லை. மிச்சம், ஞாயிறு பூசை தவறாத தூத்துக்குடிக்காரி நான்.

அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. முன்பெல்லாம் இடம் போதாத பள்ளி, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை தரலாம். சான்றிதழ்தான் சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம். 2018இல் வந்த சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அதை நிறுத்திவிட்டது.

"அப்புறம் எதற்கு?" என்றேன்.

"இரண்டாம் வகுப்பில் மற்றப் பெண்பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் கவுன் போட்டுப் புதுநன்மைக்குத் தயாராகும்போது, இவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடிக்கவா?" என்றாள். போதாததற்கு அவள் அம்மாவின் நச்சரிப்பு வேறு.

இது புதிய சங்கடம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் பொனிபாசுக்கு எழுதிய கடிதத்தில், உடம்பு சுகத்துக்கு மருந்து என்று எண்ணிப் பிள்ளையைக் கொண்டுவருகிறவர்களைப் பற்றிப் புனித அகுஸ்தினார் பேசுகிறார். அவர்கள் எண்ணம் எதுவானாலும் பிள்ளைக்குக் கிடைப்பது குறையாது, பிள்ளையை ஒப்புக்கொடுப்பது திருச்சபை முழுவதும் என்பது அவர் பதில். பிள்ளையைப் பொறுத்தவரை எனக்கு அது போதும். பெற்றவர்களைப் பொறுத்தவரை போதாது. "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டபோது, அவள் கணவர் அட்டையில் விரலை ஓட்டி வரியைத் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை அறவே இல்லையென்றால் தள்ளிப்போடச் சொல்கிறது சட்டம். பாட்டி இருக்கிறாரே என்று சாமியார் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

நான் நின்றேன். அந்தத் தொட்டியருகே ஒருவராவது மனதாரப் பதில் சொல்லட்டும் என்றுதான். பெற்றோரைக் கரித்துக்கொட்ட எனக்கு மனமில்லை. பள்ளி நேரத்தில், வகுப்பறையிலேயே புதுநன்மைக்குத் தயார் செய்யும் ஏற்பாடுதான் அவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது. அதைப் பங்குக்கோயிலின் ஞாயிறு மறைக்கல்விக்கு மாற்றிவிட வேண்டும். ஞானஸ்நானத்துக்கு வருகிற கூட்டம் பாதியாகலாம். ஆகட்டுமே.