ஏழு பேர் உலகம்

கடவுளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. உலகத்தைப் படைத்தபோது அவர் யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு அப்போது யாரும் இல்லை. மீனுக்குச் செதிள், மாட்டுக்குக் கொம்பு என்று அவர் பாட்டுக்குத் தீர்மானித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எவ்வளவோ குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனாலும், "என்னிடம் இருந்ததை எடுத்துக்கொண்டாயே" என்று முதல் நாளன்று கேட்க ஒரு ஜீவனும் இல்லை. ஏற்கெனவே ஆட்கள் குடியேறிவிட்ட உலகத்தில் ஒருவனுக்குப் படைப்பதிகாரம் கிடைத்தால் அவன் நிலைமை அவ்வளவு சுலபமல்ல. அவன் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் சரி, இருப்பதில் ஒன்றை நீக்கினாலும் சரி, அது யாராவது ஒருவருடைய வாசலில்தான் போய் விழும்.

மதுரை அண்ணா நகரில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு அந்த அதிகாரம் கிடைத்திருக்கிறது. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் ஓர் உலகத்தை நடத்தி வருகிறான்.

விஷயம் இதுதான். "மைன்கிராஃப்ட்" என்று ஓர் ஆட்டம். ஸ்வீடன் தேசத்து மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-இல் வெளியிட்டார். 2014-இல் அவருடைய கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2023-க்குள் 30 கோடி பிரதிகளுக்குமேல் விற்றுவிட்டது. இத்தனைக்கும் அதில் வெற்றி தோல்வி பெரிதில்லை. முடிவு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, அதோடு ஆட்டத்தை நிறுத்துகிறவர்கள் குறைவு. கட்டம் கட்டமாக மண்ணும் கல்லும் மரமும் கிடக்கிற ஒரு நிலம். தோண்டலாம், விதைக்கலாம், வீடு கட்டலாம். இருபது நிமிஷத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் (அதாவது பெரும்பாலான மாதங்களில்) மணலில் வீடு கட்டி விளையாடியவர்களுக்கு இதன் ருசியை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. வைகை மணல் வீட்டுக்கு ஆயுள் சாயங்காலம் வரைதான். இந்த வீடு நாளைக்கும் இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும்.

பலர் சேர்ந்து ஒரே நிலத்தில் ஆட வேண்டுமானால் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அதற்காக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குச் "சர்வர்" என்று பெயர். சர்வர் என்றதும் எனக்கு டவுன்ஹால் ரோட்டு ஹோட்டலில் தோளில் துண்டோடு வந்து நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பாரே தவிர, நாம் எதைச் சாப்பிட வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. இந்தச் சர்வரில் கதை வேறு. வாடகைக்கு எடுத்தவன் எதைப் பரிமாறுகிறானோ அதுதான் எல்லோருக்கும் சாப்பாடு.

அவன் பரிமாறுகிற பதார்த்தங்களுக்கு "மாட்" என்று பெயர். மூல ஆட்டத்தோடு ஒட்டிவிடுகிற சிறு சிறு நிரல்கள். ஒட்டு மாங்கன்று போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒட்டு என்றே சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர்களே எழுதிப் பெரும்பாலும் இனாமாகக் கொடுக்கிறார்கள். ஓர் ஒட்டுப் புதுவிதமான பயிர்களைக் கொண்டுவரும்; ஒன்று ரயில் ஓட்டும்; ஒன்று பேய்களை அதிகமாக்கும். எந்த ஒட்டை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில்தான் என் மருமகனின் ஏழு பேர் உலகம் இரண்டுபட்டது.

முதல் தகராறு ஒரு பெரிய தொகுப்பைப் பற்றியது. நூற்றுக்குமேல் ஒட்டுகள் சேர்ந்த கதம்பம். புதுப் பொருள்களைக் கொண்டுவரும் ஒட்டு என்றால் சர்வரில் இருந்தால் மட்டும் போதாது. ஆடுகிற ஒவ்வொருவரும் தம் கம்ப்யூட்டரிலும் அதையே வைத்திருக்க வேண்டும். இம்மாதிரிப் பெரிய தொகுப்புகளுக்கு 6 ஜி.பி., 8 ஜி.பி. என்று நினைவகம் வேண்டியிருக்கிறது. ஏழு பேரில் ஒருவன் மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறான். அவன் வைத்திருப்பது, அரசுப் பள்ளியில் படித்த அவனுடைய அண்ணனுக்கு 2017-இல் அரசாங்கம் இனாமாகக் கொடுத்த லாப்டாப். அதில் இருப்பதே 4 ஜி.பி. தொகுப்பை ஏற்றினால் அவன் வாசலுக்கு வெளியே. யாரும் அவனைப் போ என்று சொல்லப் போவதில்லை. கதவு திறந்தே இருக்கும். அவனால் உள்ளே நுழைய முடியாது, அவ்வளவுதான். மனிதர்களை விலக்கிவைக்க இதைவிட நாகரிகமான வழி இல்லை.

இரண்டாவது தகராறு ஒரு பெண்ணின் கால்வாயைப் பற்றியது. அவள் என் மருமகனின் வகுப்புத் தோழி. அந்த உலகத்தில் ஓர் ஏரியிலிருந்து தன் வீடு வரைக்கும் எண்ணூறு கட்டம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்தில் ஓர் ஊற்றிலிருந்து சமதரையில் ஏழு கட்டம்தான் தண்ணீர் ஓடும், பிறகு நின்றுவிடும். ஆகையால் வெட்டினால் மட்டும் போதாது, வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். நான்கு மாதமாக இந்த வேலை. இந்தச் சமயத்தில் ஒருவன், தானாகவே நிலத்தைத் தோண்டித் தள்ளுகிற குவாரி இயந்திரம் உள்ள ஓர் ஒட்டைச் சேர்க்கலாம் என்றான். (மேலூர்ப் பக்கத்தாருக்குக் குவாரி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அங்கே அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-இல் ஏலம் போனதையும், ஊர் ஜனங்கள் திரண்டு எதிர்த்ததையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் அந்தப் பையன் கண்ணால் பார்த்தவன்.) குவாரி இயந்திரம் வந்தால் அந்தப் பெண்ணின் கால்வாயில் ஒரு கட்டம்கூடக் குறையாது. ஆனாலும் அவள், "அதைச் சேர்த்தால் நான் வெட்டினதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாளாம்.

என் மருமகன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி என்றே படுகிறது. எதையாவது நீக்கினால்தான் நஷ்டம், சேர்த்தால் எல்லோருக்கும் லாபம் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். ஆட்டத்தின் கணக்கு அப்படியல்ல. கனடாவில் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவக்காரர் 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார். தேவையில்லாத தடைகளை நாமாக மனமுவந்து ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வதுதான் ஆட்டம் என்பது அவருடைய கட்சி. பந்தைக் கையால் எடுத்துக்கொண்டுபோய் வலைக்குள் போட்டால் கால்பந்தாட்டம் எங்கே இருக்கிறது? ஏழு கட்டத்தில் நின்றுவிடும் தண்ணீர்தான் அந்தக் கால்வாயைக் கால்வாயாக்கியது. தடையை எடுத்துவிட்டால் அவளுடைய நான்கு மாதம் வெறும் அசட்டுத்தனமாகிவிடும். பண்டம் கைவிட்டுப் போகவில்லை. அதன் மதிப்புப் போய்விட்டது. பத்திரம் இருக்க, நிலம் போனது போல.

"வாடகை கொடுக்கிறது நான்தானே மாமா? பிடிக்காதவங்க போகட்டுமே!" என்றான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் உலகத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சின்னப் பையன் சொன்னதுதானே என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வாடகை கொடுப்பது அவன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் கொடுக்கும் வாடகை இடத்துக்கு. இடத்தில் எழுந்த கால்வாயும் வயலும் வீதியும் அந்த வாடகையில் அடங்கியவை அல்ல. ஆளில்லாத உலகத்துக்கு அவன் வாடகை கொடுத்துவந்திருந்தால் அதில் என்ன ஒட்டு வைத்தால் யாருக்கு என்ன? அவன் கொடுக்கிற சில நூறு ரூபாய்க்கு மதிப்பு வந்ததே மற்ற ஆறு பேர் அங்கே வந்து உழைத்ததால்தான். பிடிக்காதவர்கள் போகலாம் என்பதோ இன்னும் விசித்திரமான தாராளம். போகிறவள் கால்வாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டா போக முடியும்?

பல்லாங்குழியில் இந்தச் சங்கடம் இல்லை. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் விதி மாறும். பசு எடுப்பதில்கூடப் பேதம் உண்டு. உட்காரும்போதே "உங்கள் வீட்டு ஆட்டமா, எங்கள் வீட்டு ஆட்டமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் முத்துகளை வாரிச் சுருக்குப்பையில் போட்டுவிட்டால் பழைய விதியும் அதோடு போயிற்று; மறு ஆட்டத்துக்கு வேறு விதி வைத்துக்கொள்ளலாம். முடியாத ஆட்டத்தில் அப்படி ஒரு சந்தர்ப்பம் வருவதே இல்லை. எப்போது விதியை மாற்றினாலும் அது நடு ஆட்டம்தான்.

அப்படியானால் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டுமே என்பீர்கள். போட்டார்கள். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் எவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு இது ஒரு புதுப் பண்டத்தின் மேல் ஆசை. ஒருத்திக்கு நான்கு மாத வேலை. ஒருவனுக்கு உள்ளே இருப்பதா வெளியே நிற்பதா என்ற பிரச்னை. மூன்றையும் ஒரே தராசில் ஆளுக்கு ஓர் எடைக்கல்லாக வைத்து நிறுத்தால் தராசு பொய் சொல்லாது. ஆனால் அது சொல்லுகிற நிஜமும் போதாது.

நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயல் வயலாக முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். தண்ணீர் தட்டுப்பட்டால் சில ஊர்களில் நிலத்துக்காரனே தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளக்கூடாது, நீர்க்கட்டிதான் பாய்ச்சுவார். கடைமடைக்காரனுக்கும் ஒரு நனைப்பாவது கிடைக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் அநீதியும் இருந்தது. பல ஊர்களில் இந்த வேலை ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் தலையில் பரம்பரையாக விழுந்தது. தண்ணீரைப் பங்கிட்டவருக்குச் சொந்தமாக வயல் இல்லாமலும் இருந்தது. அதை மறைத்துவிட்டு நீர்க்கட்டியின் பெருமையை மட்டும் பேசுவது சரியல்ல. ஆனாலும், மடை கையில் இருப்பதால் தண்ணீர் தன்னுடையது என்று நீர்க்கட்டி சொன்னதில்லை. என் மருமகனிடம் இதைச் சொன்னேன். "நீர்க்கட்டி வாடகை கொடுக்கலையே மாமா" என்றான். கெட்டிக்காரன்தான்.

பணமும் அதிகாரமும் சேர்ந்தே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. கள்ளழகர் ஒரு காலத்தில் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் என்று சொல்வார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார். அழகரையும் மதுரைக்கு வரவழைத்து இரண்டையும் ஒரே விழாவாக்கினார் என்பது மரபு. இன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடுகிற சித்திரைத் திருவிழா அப்படி உண்டானதுதான். அது பிரமாதமான ஒட்டு என்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அந்த வருஷம் தேனூர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறு அங்கேயே இருந்தது, அழகர்தான் வரவில்லை. வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் இருக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். அழகர் அங்கேதான் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார். அங்கே தேனூர்க்காரர்களுக்கு மரியாதை உண்டு. எல்லாவற்றையும் மாற்ற வல்லவரான ராஜாவுக்கும், பறிகொடுத்தவர்களுடைய பெயரை ஒரு கல்லிலாவது வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அது போதுமா என்பதைத் தேனூர்க்காரர்தான் சொல்ல வேண்டும். நானோ நீங்களோ சொல்லக்கூடாது.

இதே மாதிரியான இன்னோர் ஆட்டமும் இருக்கிறது. பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கிய மைன்டெஸ்ட். 2024-இல் லுவாண்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதில் ஒட்டுகளைச் சர்வரே விருந்தாளிகளுக்கு அனுப்பிவிடும். ஓர் ஒட்டை நீக்கினால் அதனால் கட்டியவை "தெரியாத பொருள்" என்ற கட்டங்களாக நின்ற இடத்திலேயே நிற்கும். ஒட்டு திரும்பி வந்தால் அவையும் உருப்பெற்றுவிடும். மைன்கிராஃப்டிலோ அந்த இடம் வெறும் காற்றாகிவிடும். இயந்திரத்திலும் இரக்கமுள்ளது, இல்லாதது என்று இரண்டு ஜாதி இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கடைசியில் என் மருமகன் இன்னோர் உலகத்துக்கும் வாடகை கட்டினான். நூற்றுச் சொச்சம் ஒட்டுகளும் குவாரி இயந்திரமும் அங்கே. பழைய உலகம் பழையபடி. யாருடையதும் போகவில்லை, எல்லோருக்கும் திருப்தி என்று எண்ணிக்கொண்டான். முதல் வாரம் பழைய உலகத்துக்கு ஐந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மூன்று. இப்போது அந்தப் பெண்ணும் மேலூர்ப் பையனும் மட்டும்தான் போகிறார்கள். கால்வாய் முடிந்து தண்ணீர் வீடு வரைக்கும் வந்துவிட்டதாம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு படகு செய்து விட்டிருக்கிறார்கள்.