குடிக்கு அடிமையானவன் குற்றவாளியா?

குடிக்கும் அபினிக்கும் ஆட்பட்டவனை ஆங்கிலத்தார் 'அடிக்ட்' என்பர். நாம் 'அடிமை' என்கிறோம். இவ்விரு சொற்களும் எத்துணை நெருங்கியவை என்பதை அறிந்தோர் சிலரே.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'அட்' என்பது ஒருவர்பால். 'டிகெரே' என்பது சொல்லுதல். பண்டை உரோமாபுரியில் கடன் தீர்க்க இயலாதவனை, 'இவன் உனக்குரியன்' என்று நீதிபதி கடன் கொடுத்தவன்பால் சொல்லி ஒப்புவிப்பார். அவ்வாறு ஒப்புவிக்கப்பட்டவனே 'அடிக்டஸ்'. கி.மு. 450 அளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம் கடனாளிக்கு 30 நாள் தவணை அளித்தது. அது கழிந்தபின் 60 நாள் விலங்கிட்டு வைக்கலாம். அந்நாள்களுக்குள் மூன்று சந்தை நாள்களில் அவனை மன்றத்திற்குக் கொணர்ந்து, கடன் தொகையைப் பலரறியக் கூறுதல் வேண்டும். மீட்பார் இல்லையேல் அவன் கொல்லப்படுவான். அன்றேல் டைபர் ஆற்றுக்கு அப்பால் விற்கப்படுவான்.

16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல், ஒருவன் கல்வி முதலியவற்றில் தன்னைத் தானே ஒப்புவித்தலையும் குறித்தது. போதைக்கு ஆட்பட்டவனுக்கு இது பெயராக நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

அங்ஙனமாயின், குடிகாரன் தன்னை ஒப்புவித்தானா, ஒப்புவிக்கப்பட்டானா? முதற்கிண்ணத்தை எடுத்தது அவன் கையே என்பர். உண்மை, கடனாளியும் தன் கையாலேயே கடன் வாங்கினான். ஆயினும், கை நீட்டிய நாளின் விருப்பம் வேறு. விலங்கு பூண்ட நாளின் இயலாமை வேறு. ஏசுவதால் விலங்கு கழலுமோ? சம்பள நாளன்று ஆலை வாயிலில் சாராயம் விற்பவனும் வட்டிக்காரனும் அருகருகே காத்து நின்றதை நாம் கண்டதுண்டு. வாங்கியவனை ஏசிய ஊரார், விற்றவனுக்கு வணக்கம் கூறிச் சென்றனர்.

லிவி என்னும் வரலாற்றாசிரியர் கணக்குப்படி, கி.மு. 326-இல் உரோமாபுரியில் வேறொரு சட்டம் பிறந்தது. கடனுக்குக் கடனாளியின் பொருளே பொறுப்பு, அவன் உடல் பொறுப்பன்று என்றது அது. கடன் கடனாகவே நின்றது, மனிதன் மீண்டான்.

அதுவே நமக்கும் நெறியாகும். குடித்தவன் மனைவி மக்களுக்கு இழைத்த தீங்கிற்கு ஈடு செய்தல் வேண்டும். அதனை மன்னித்து மறைத்தல் அறமாகாது. ஆனால் அவனையே வேண்டாமென்று கழித்துவிட எவர்க்கும் உரிமையில்லை. அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், சம்பள நாளில் அவனுடன் வீடு வரை நடக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

உரோமாபுரிச் சந்தையில் கடனாளியின் தொகை மூன்று முறையே கூறப்பட்டது. நம் தெருவிலோ குடிகாரனின் குறை நாள்தோறும் கூறப்படுகிறது. கேட்டு நிற்போர் பலர். மீட்க முன்வருவோர் எத்தனை பேர்?