சரக்கு

கோயம்பேட்டில் விடிவதற்கு முன் லாரி வந்து நின்றதும் காதில் விழும் கேள்வி, "சரக்கு எப்படி?" தக்காளியா வெங்காயமா என்று யாரும் கேட்பதில்லை, அது தெரிந்ததுதான். நசுங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா, இரண்டு நாள் தாங்குமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

*

'செட்டி மிடுக்கா, சரக்கு மிடுக்கா' என்று பழமொழி. பேச்சு எவ்வளவு இனித்தாலும் மூட்டையைப் பிரித்ததும் உள்ளது தெரிந்துவிடும். மேடையில் ஒருவர் பேசி இறங்கியதும் பின்வரிசையில், "ஆளுகிட்ட சரக்கு இருக்கு" என்கிறார்களே, அதைவிடப் பெரிய பாராட்டை நான் அறியேன்.

*

சித்த மருத்துவத்தில் மூலிகை, உப்பு, பாடாணம் எல்லாமே சரக்குதான். ஆனால் எதையும் வந்தபடியே சேர்ப்பதில்லை. சுத்தி செய்த பிறகே அது மருந்துக்கு ஆகும். சுக்கின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த பாடம். நாட்டு மருந்துக் கடையில் ஒரு சுக்கை ஒடித்துப் பாருங்கள். நல்லதென்றால் உள்ளே மாவு போல வெளிறியிருக்கும், காரம் நேராக மூக்கில் ஏறும். பூச்சி துளைத்தது கையிலேயே உதிர்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் கறிக்குச் சேர்க்கும் மல்லி, மிளகு, சீரகத்தைச் சரக்கு என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அதை அரைத்துத்தான் பத்தியக் கறி. ஒரு உடம்பைத் தேற்றி எழுப்புகிற வேலையும் இந்தச் சொல்லுக்கு இருக்கிறது என்பதில் எனக்கு நிறைவு.

*

இந்தியாவில் ஆள் ஏறிய முதல் ரயில் 1853இல் பம்பாயில் ஓடியது. அதற்கு முன்பே, 1837இல், சென்னையை அடுத்த செங்குன்றத்தில் ஒரு ரயில் சாலை போடக் கல் சுமந்தது. முதலில் வந்தது சரக்கு ரயில்தான். 2017 ஜூலை 1 முதல், 'சரக்கு மற்றும் சேவை வரி' என்று வரியின் பெயரிலேயே சரக்கு ஏறிவிட்டது.

*

இன்று பலருக்கும் சரக்கு என்றதும் நினைவுக்கு வருவது டாஸ்மாக் கடை. வருத்தம்தான், ஆனாலும் புட்டியில் அடைத்து விலை போட்டு விற்பதை அப்படிச் சொல்வதில் பிழையில்லை.

பெண்ணைப் பார்த்து அந்தச் சொல்லை வீசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏற்றி இறக்கவும், எடை போடவும், விலை பேசவும் உரியது சரக்கு. மனிதர் யாரும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். உங்கள் நண்பர்களுக்குள் யாராவது அப்படிப் பேசினால் சிரித்துவைக்காதீர்கள், அங்கேயே தடுத்துச் சொல்லுங்கள்.