பூசி மறைத்த குறை

 

ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவர் நம்மிடம் வந்தார். வயதில் நம்மைவிட மூத்தவர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்துப் பணமும் சேர்த்திருந்தார். விடைபெறத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினோம். அவரோ, "ஹஜ்ரத், ஹஜ்ஜுச் செய்தால் எல்லாப் பாவமும் போய்விடுமா?" என்று கேட்டார்.

"ஏன் பாய் கேட்கிறீர்கள்?" என்றோம்.

சிறிது நேரம் தலை குனிந்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போடுகிறோமே, அதில் தப்புச் செய்திருக்கிறேன்."

விஷயம் இதுதான். சன்ஷேடு என்பது சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீண்டு நிற்பது. தன் பாரத்தால் அது கீழே சாயப் பார்க்கும். அப்போது அதன் மேற்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே அதன் முக்கியக் கம்பி மேற்பக்கத்தில்தான் இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பியை மிதித்துக் கீழே இறக்கி விட்டார்கள். அவர் கண்ணால் கண்டார். பிரித்துச் சரிசெய்தால் ஒரு நாள் கூலி நஷ்டமாகுமே என்று விட்டுவிட்டார். பூசி வெள்ளையடித்த பின் யாருக்குத் தெரியும்? இப்படி மூன்று வீடுகள். அவற்றில் ஒன்றில், சுவர்க் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு என்று கலவை பேசிவிட்டு ஒன்றுக்கு எட்டாகப் போட்டதும் உண்டு.

"மழைக் காலத்தில் அந்தத் தெருவில் போனால் அண்ணாந்து பார்க்கவே பயமாயிருக்கிறது ஹஜ்ரத். பிள்ளைகள் அதன் கீழேதான் நின்று விளையாடுகிறார்கள்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

சகோதரர்களே! தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் என்று நம் இமாம்கள் கூறுவார்கள். பாவத்தை விட்டுவிடுவது, செய்ததற்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என உறுதி கொள்வது. ஆனால் அந்தப் பாவம் ஓர் அடியானின் உரிமையோடு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேரும்: உரியவரிடம் அவர் ஹக்கைச் சேர்ப்பது, அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுவது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அரஃபாவில் அழுத கண்ணீர் அல்லாஹ்வின் உரிமையில் நாம் செய்த குறையைக் கழுவலாம். அது அடுத்தவர் வீட்டுச் சன்ஷேடுக்குள் இறங்கிய கம்பியை மேலே தூக்கி வைக்காது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல, மறைத்ததே குற்றம். கம்பி இறங்கியதும் அப்படித்தான். அதைக் கண்டபின் பூசி மறைத்ததே பாவமாயிற்று.

2018-ல் துருக்கி நாட்டில், விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6-ல் அந்நாட்டின் தென்பகுதியிலும் சிரியாவிலும் பூகம்பம் வந்தபோது 50,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். நில அதிர்ச்சி கடுமையானதுதான். எனினும் மோசமாகக் கட்டியதால் நொறுங்கி விழுந்த கட்டடங்கள் ஏராளம். மன்னிப்புச் சீட்டுக் கொடுத்ததால் எந்தத் தூணுக்குள்ளும் ஒரு கம்பி கூடிவிடவில்லை. செய்த குறையைத் திருத்தாமல் நாவால் மட்டும் கேட்கும் தவ்பாவும் அந்தச் சீட்டைப் போன்றதுதான்.

"முதலில் வீடுகளைச் சரிசெய்யுங்கள், ஹஜ்ஜு பிறகு. பிறருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் உங்கள் பணம்" என்றோம்.

"ஒரு வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டாரே?" என்றார். ஆபத்து, கீழே நிற்பவர் தலைக்குத்தான். ஆகவே இப்போது குடியிருப்பவரிடம் முதலில் சொல்லவேண்டும், விற்றவருக்கும் தெரிவிக்கவேண்டும். "ஒருவர் மாற்று மதத்துச் சகோதரராயிற்றே?" என்றார். ஹிஜ்ரத்துடைய இரவில், தம்மைக் கொல்லத் துணிந்த மக்கத்து மக்களின் அமானிதப் பொருள்களையும் உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுச் சென்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அமானிதத்தில் மதம் பார்ப்பதற்கு இடமில்லை. "குறைத்துப் போட்ட சிமெண்டு?" அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு உண்டென்று அருள்மறையில் ஒரு சூராவே தொடங்குகிறது. வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி, நல்ல இன்ஜினியர் ஒருவரைக் கொண்டு சுவரின் பலத்தைப் பார்த்து, அவர் கேட்கும் ஈட்டைக் கொடுக்கவேண்டும். மனமார மன்னித்தால் அது அவர் பெருந்தன்மை.

அவர் போய்ச் சொன்னார். ஒரு வீட்டுக்காரர், "இத்தனை வருஷம் என் பிள்ளைகள் அதன் கீழே நின்றார்களே!" என்று வாயில் வந்தபடி ஏசினார். இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். மற்றொருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். சன்ஷேடுகளை முட்டுக் கொடுத்து இடித்து, கம்பியை லிண்டலோடு பிணைத்து, மேற்பக்கத்தில் நிறுத்திப் புதிதாகப் போட்டார். ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றினார். ஹஜ்ஜுப் பணத்தில் பாதி கரைந்தது. அவ்வருஷம் அவர் போகவில்லை.

கிழ்ரு (அலை) அவர்கள், தமக்கு உணவளிக்க மறுத்த ஊரிலே சாய்ந்து கிடந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தினார்கள். அதன் கீழே இரண்டு அநாதைகளின் புதையல் இருந்தது. பிறர் விட்ட சுவரையே கூலியின்றிச் செப்பனிட்டார்கள் என்றால், நாம் கெடுத்த சுவரைச் செப்பனிடக் கூலி கேட்கலாமா?

இது காண்ட்ராக்டருக்கு மட்டும் சொன்னதல்ல. கசியும் சுவருக்கு வெள்ளையடித்து வீட்டை விற்றவர் நம்மில் இல்லையா? தைக்கக் கொடுத்த துணியில் மிச்சத்தை எடுத்துக்கொண்டவர் இல்லையா? இன்றிரவு இஷாவுக்குப் பின் சற்று உட்கார்ந்து, நாம் எதைப் பூசி மறைத்தோம் என்று நினைத்துப் பார்ப்போம். நம்மிடம் ஒருவர் வந்து குறையை ஒப்புக்கொண்டால், அதை ஊரெல்லாம் சொல்லி அவரை வெட்கப்படுத்தாமலும் இருப்போம். வெட்கப்படுத்தினால் அடுத்தவர் சொல்ல வரமாட்டார். குறை சுவருக்குள்ளேயே கிடக்கும்.

தீனாரும் திர்ஹமும் செல்லாத அந்த நாள் வருமுன், இங்கேயே கணக்குத் தீர்த்துக்கொள்ளும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.